வெளிச்சம் சுட்டால் விழித்திரைக்கு வலிக்காது



"டிரெஸ்ஸர் ஐயா, கண்ணுக்குள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு" என்று நடுச்சாமத்தில் கதவைத் தட்டுகிறவர்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். கண்ணைத் திறக்க முடியாமல் நீர் ஒழுக நிற்பார்கள். "இன்றைக்கு வெல்டிங் பக்கம் போனீங்களா?" என்று கேட்டால், "நான் வெல்டிங் பண்ணலைங்க, சும்மா இரும்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்பார்கள். அந்தச் 'சும்மா'வைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

வெளிச்சம் அலை அலையாக வருகிறது. அந்த அலையின் நீளத்தை நானோமீட்டரில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். சுமார் 400 முதல் 700 வரை உள்ளது நம் கண்ணுக்குத் தெரியும். ஊதாவும் நீலமும் தொடக்கத்தில், சிவப்பு கடைசியில். 400-க்குக் கீழே இருப்பது புற ஊதா, 700-க்கு மேலே அகச்சிவப்பு. இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெல்டிங் பொறியில் எல்லாமே உண்டு.

புற ஊதாவில் பெரும்பகுதியைக் கண்ணின் முன்புறத் தோலும் உள்ளே உள்ள வில்லையும் தடுத்துவிடுகின்றன. தடுத்த தோல் வெந்து போகிறது. அந்த வலி உடனே வராது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து, நீங்கள் படுத்த பிறகு வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். அதற்குள் தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையாவது ஊற்றாதீர்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லியும் கேட்காதீர்கள். அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் புண் ஆறாது.

நீல வெளிச்சத்தின் கதை வேறு. அதைத் தோலும் தடுக்காது, வில்லையும் அதிகம் தடுக்காது. நேராக விழித்திரைக்குப் போய்விடும். பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிப்பது போல, நம் வில்லை அதை விழித்திரையின் நடுவில் ஒரு புள்ளியில் குவிக்கிறது. படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், ஆள் முகம் பார்ப்பதும் அந்தப் புள்ளியால்தான். சுமார் 440 நானோமீட்டர் நீலம் அங்குள்ள நுண்ணிய அணுக்களை ரசாயன முறையில் கெடுக்கிறது. அகச்சிவப்பும் உள்ளே போய்ச் சூடேற்றுகிறது. ஆனால் விழித்திரைக்கு வலி தெரியும் நரம்பு கிடையாது. அது வெந்தாலும் நமக்குத் தெரியாது.

ஆலைப் பட்டறையில் உதவியாளாக இருந்த ஒரு பையன் இரண்டு நாள் முகமூடி இல்லாமல் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தான். இரவில் வந்த வலி மூன்றாம் நாள் போய்விட்டது. "சரியாப் போச்சுங்க" என்று சிரித்துக்கொண்டு போனவன், ஒரு வாரம் கழித்து வந்து, "எழுத்தைப் பார்த்தா நடுவுல ஒரு கறை இருக்குங்க" என்றான். அரசாங்க ஆஸ்பத்திரி கண் டாக்டர் விழித்திரையின் நடுவில் சின்னப் புண் இருப்பதாகச் சொன்னார். இந்தப் புண்ணை ஆற்றுவதற்கென்று தனி மருந்து இல்லை. பலருக்குச் சில மாதங்களில் தானே தேறும், சிலருக்குக் கறை நின்றுவிடும். அவனுக்கு இடது கண் தேறியது. வலது கண்ணில் கறை இன்னும் இருக்கிறது.

மின்சார வெல்டிங்குக்கு 10-ஆம் எண்ணோ அதற்கு மேலோ உள்ள கண்ணாடி முகமூடி வேண்டும். கேஸ் வெல்டிங் கண்ணாடி இதற்குப் போதாது. சந்தைக் கறுப்புக் கண்ணாடியும் உதவாது. இரும்பைப் பிடிக்கிறவருக்கும் முகமூடி வேண்டும், சுற்றிலும் மறைப்பும் வேண்டும். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி இதற்கான காசைத் தொழிலாளியிடம் பிடிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. பிடித்தால் உங்கள் தோட்டக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் முக்கியம். அவர்களுடைய வில்லை புதிது, தெளிவானது. பெரியவர்கள் கண்ணைவிட அதிக நீலமும் புற ஊதாவும் உள்ளே போகும். வெல்டிங் நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்க விடாதீர்கள். பாசார் மாலாமில் விற்கும் லேசர் விளக்கையும் வாங்கித் தராதீர்கள். பச்சை லேசர் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசிகிறது. இமைக்கும் நேரத்துக்குள் காயமாகிவிடக்கூடும்.

கைத்தொலைபேசியின் நீல வெளிச்சம் விழித்திரையைச் சுட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு வலுவானதல்ல. தூக்கம் கெடும், அது வேறு விஷயம்.

சூரிய கிரகணத்தையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 26-இல் ஜொகூரின் தென்கோடியிலும் சிங்கப்பூரிலும் சூரியன் வளையமாகத் தெரிந்தது. 2031 மே 21-இல் மலேசியாவில் மறுபடியும் கிரகணம் வரும். எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, வாளித் தண்ணீர் எதுவும் போதாது. முதல் இரண்டும் வெளிச்சத்தைக் குறைத்தாலும் அகச்சிவப்பை உள்ளே விடலாம். வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண் வேண்டும். அதைவிட நல்லது, ரப்பர் மரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். இலைச் சந்து வழியாக விழும் வெயில் ஒவ்வொன்றும் பிறைபிறையாகத் தெரியும்.

சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மாதக் காலண்டரின் கட்டங்களைப் பாருங்கள். பிறகு அடுத்த கண்ணால் பாருங்கள். கோடு வளைந்தாலோ நடுக்கட்டம் மங்கினாலோ, வலி இல்லாவிட்டாலும், மறுநாளே டிரெஸ்ஸரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். என்றைக்கு, எங்கே வெல்டிங் பக்கம் நின்றீர்கள் என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். சொக்சோவுக்கு மனுச் செய்யும்போது அது தேவைப்படும்.