முன்னோர் தொழில் தேடல் (வட சென்னை)

முன்னோர் தொழில் தேடல் என்பது ஒருவருடைய மூதாதையர் செய்த தொழிலைப் பழைய ஆவணங்களின் துணைகொண்டு அறியும் முயற்சி ஆகும். இலண்டன் நகரின் தொழிற்குழுமங்கள், தொழில் பழகிய சிறுவரின் பெயர், தந்தை பெயர், ஆசான் பெயர் ஆகியவற்றைப் பதிவேடுகளில் எழுதி வைத்தன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வட சென்னைப் பகுதிகளில் படகோட்டுதல், தச்சு போன்ற தொழில்களைப் பெரும்பாலும் தந்தையிடமிருந்தே மகன் கற்றான். அதனால் இங்கு பல்வகை ஆவணங்களை இணைத்துப் பார்ப்பது தேவையாகிறது.

பழகுநர் ஒப்பந்தங்கள்

1850 ஆம் ஆண்டின் 19 ஆவது சட்டம், 10 வயதுக்கு மேற்பட்ட, 18 வயதுக்குட்பட்ட சிறுவரைத் தந்தையோ காப்பாளரோ தொழில் பழக ஒப்படைக்க வழிசெய்தது. ஒப்பந்தக் காலம் 7 ஆண்டுகளுக்கு மிகாது. ஆதரவற்ற, ஏழைச் சிறுவர்களை முதன்மையாகக் கருதியே இது இயற்றப்பட்டது. இதற்கு மாற்றாகத் தொழில் பழகுநர் சட்டம் 1961 இல் வந்தது. எண்ணூரில் 1948 இல் தொடங்கிய அசோக் மோட்டார்சு (பின்னர் அசோக் லேலண்ட்), திருவொற்றியூரில் 1955 இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா போன்ற ஆலைகளில் பணியாற்றியோரின் பயிற்சிச் சான்றிதழ், வருங்கால வைப்பு நிதிச் சீட்டு ஆகியவை வீட்டுப் பெட்டிகளில் கிடைக்கக்கூடும். தேடலை அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

பத்திரப் பதிவுகள்

1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஒருவரை அடையாளப்படுத்தும் விவரங்களுள் இருப்பிடம், தந்தை பெயர் ஆகியவற்றுடன் தொழிலையும் சேர்க்கிறது. பழைய பத்திரங்களில் இது "ஜீவனம்" என்று எழுதப்பட்டது. அசையாச் சொத்துப் பத்திரங்களின் பதிவையும் அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்தி எவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பார்வையிடலாம். அரசின் பழைய கோப்புகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இது 1909 இல் நிறுவப்பட்டது.

வரம்புகள்

சொத்து வாங்காதவர் பத்திரத்தில் இடம்பெறுவதில்லை. துறைமுகம் அமையும் முன் கரைக்கும் கப்பலுக்கும் இடையே மசூலா படகுகளில் சரக்கு ஏற்றி இறக்கியோர், நாட்கூலிகள், மீன் விற்ற பெண்கள் ஆகியோரின் பெயர்கள் எழுத்தில் அரிதாகவே காணப்படுகின்றன. "கூலி" என்ற ஒரு சொல் பல திறன்களை மறைத்துவிடக்கூடும். சாதிப் பெயரை மட்டும் கொண்டு தொழிலை முடிவு செய்வதும் தவறாகும். இவ்விடங்களில் குடும்ப முதியோரின் நினைவுகளைக் கேட்டு, ஆண்டும் இடமும் குறித்து எழுதி வைப்பது இன்றியமையாதது ஆகும்.