மின்லாரிக்கும் சத்திரம் வேண்டும்

திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறுகிறவர்களில், அந்தப் பெயரின் பொருளை ஒரு கணமேனும் நினைத்துப் பார்க்கிறவர்கள் சொற்பமே. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நகரிலிருந்து அரசாண்ட ராணி மங்கம்மாள், சாலைகளைச் செப்பனிட்டு அவற்றின் ஓரங்களில் சத்திரங்களை எழுப்பியவள் என்று கீர்த்தி பெற்றவள். கட்டுச்சோறு ஒருநாள் பசிக்கே போதும் என்பதையும், அதற்கு மேற்பட்ட யாத்திரையைச் சாலையே போஷிக்கவேண்டும் என்பதையும் அக்காலத்தவர் அறிந்திருந்தார்கள்.

இன்று மின்லாரியின் பிரயாண தூரத்தைப் பெருக்குவது பற்றி எழுகின்ற விவாதத்துக்கும் இதுவே அஸ்திவாரம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் சக்தி அடங்கியிருக்க, ஒரு கிலோ பேட்டரியில் அடங்குவது ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குகூட இராது. முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா நிறுவனம் விற்கும் 55 டன் லாரியில் 282 யூனிட் பேட்டரி இருக்கிறது. அதற்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 198 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னையோ சுமார் 320 கிலோமீட்டர்.

பேட்டரியைப் பெரிதாக்கலாமே என்பீர்கள். அந்த மிச்ச தூரத்துக்காக ஏற்றும் பேட்டரி ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். அத்தனை வாழைத்தாரைக் காவேரிக்கரையிலேயே இறக்கிவைத்துவிட்டுத்தான் வண்டி புறப்படவேண்டும். கூரை முழுவதும் சூரியத் தகடு பதித்தாலும் ஒரு பகலில் கிடைப்பது ஏறக்குறைய 20 யூனிட். அது சமயபுரம் தாண்டிச் சிறிது தூரம் போவதற்கே காணும். ரயிலுக்கு இருப்பதுபோல் சாலைக்கு மேல் கம்பி கட்டி ஸ்வீடனில் 2016இலும் ஜெர்மனியில் 2019இலும் சோதித்தார்கள். செலவு மிகுந்த உபாயம் அது.

சிக்கனமோ செலவில்லாதது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், எண்பதில் ஓட்டுகிறவர் அறுபதுக்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். டயரில் காற்றைச் சரியாக வைப்பதும், சுங்கச்சாவடி தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்து, உருளும் சக்கரத்தின் சக்தியை மோட்டார் வழியாகப் பேட்டரிக்கே திருப்புவதும் டிரைவரின் சாமர்த்தியத்தைச் சேர்ந்தவை.

எனினும், சிக்கனம் மட்டும் லாரியைச் சென்னை சேர்க்காது. வழியில் ஏறக்குறைய பாதித் தூரத்தில் விழுப்புரம் இருக்கிறது. அங்கே 240 கிலோவாட் சார்ஜர் ஒன்று இருந்தால், டிரைவர் சாப்பிட்டு, முகம் கழுவி, சிறிது கண்ணயர்ந்து எழும் ஒரு மணி சொச்சத்தில் வண்டியும் பசியாறிவிடும். காத்திருக்க இயலாதவர்களுக்கு, தீர்ந்த பேட்டரியைக் கழற்றி நிறைந்ததை மாட்டும் ஏற்பாடும் அதே இடத்தில் அமையலாம். மின்லாரி வாங்குகிறவர்களுக்கு மத்திய சர்க்கார் 9.6 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவித்திருப்பது நன்றே. லாரி வாங்கக் கொடுக்கும் அதே கையால், மங்கம்மாளைப்போல், சாலைக்கும் கொடுக்கட்டும்.