காற்று வாங்கும் கந்துவட்டி

“வயது 62. ஞாயிறு காலையில் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை சைக்கிளில் போய்வருவேன். பல வருடமாக இதே சாலை, இதே சைக்கிள். முன்பு எப்போதாவது ஒருவர் முந்துவார். இப்போது பின்னால் வருகிற எல்லோரும் முந்துகிறார்கள். போதாக்குறைக்கு என் கைக்கடிகாரம் ‘உடல் வயது 71’ என்கிறது. உடம்பு அவ்வளவு மோசமாகிவிட்டதா?” என்று கேட்டிருக்கிறார் சென்னை வாசகர் ஒருவர்.

உடம்பு கொஞ்சம் இறங்கியிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை பேர் முந்தினார்கள் என்று எண்ணி அதை அளக்க முடியாது. கடிகாரத்தைக் கேட்டு அளப்பது அதைவிட மோசம்.

இறங்குவது எது? நீண்ட நேரம் மிதிப்பதற்கு வரம்பு கட்டுவது கால்களைவிட இதயம்தான். ஒரு நிமிடத்தில் தசைகளுக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் போய்ச் சேரும் என்பதே நமக்கு உள்ள கூரை. உடற்பயிற்சி இல்லாதவர்களுக்கு 30 வயதுக்கு மேல் இது பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் தாழ்கிறது. விடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஏறக்குறைய அதில் பாதி. இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு வயதோடு குறைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்கள் தாமே மெதுவாகின்றன, அட்ரினலினுக்கு அவை காட்டும் துள்ளலும் மங்குகிறது. எவ்வளவு மிதித்தாலும் இந்த உச்சம் திரும்ப ஏறாது.

உச்சத் துடிப்பு என்றதும் ‘220-லிருந்து வயதைக் கழி’ என்ற சூத்திரம் வந்து நிற்கும். அதன் வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1970-களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ், ஹாஸ்கல் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞர்கள், பழைய ஆய்வுகளின் புள்ளிகளை ஒரே வரைபடத்தில் வைத்துக் கண்ணளவில் இழுத்த கோடு அது. அதற்கென்று தனியாக ஆய்வு எதுவும் நடக்கவில்லை. 2001-ல் டனாகா குழுவினர் 351 ஆய்வுகளைத் தொகுத்து, ‘வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழி’ என்று திருத்தினார்கள். நம் வாசகருக்குப் பழைய கணக்கில் 158, புதிய கணக்கில் 165. இரண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு கூடுவதும் குறைவதும் சாதாரணம்.

இனி எனக்குப் பிடித்த இடம்: காற்று. சமதரையில் மிதிப்பவரின் உழைப்பு இரண்டு பேருக்குப் போகிறது. ஒன்று டயர். தரையில் உருளும்போது அது நசுங்கி விரிவதற்கான செலவு, வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். கூட்டுறவு வங்கி வட்டி போல, நியாயமானது. இன்னொருவர் காற்று. இவர் கந்துவட்டிக்காரர். வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு கேட்பார்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்த நிலை, காற்று வீசாத காலை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு 41 வாட், டயருக்கு 28, ஆக 70 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. 25 கிலோமீட்டரில் காற்றுக்கு 80, டயருக்கு 35, ஆக 115. 30 கிலோமீட்டரில் மொத்தம் 180-ஐத் தாண்டிவிடும். அசல் ஐந்தைந்தாகத்தான் ஏறுகிறது, வட்டியைப் பாருங்கள்.

கணக்கைத் தலைகீழாகப் படித்தால்தான் சுவாரசியம். 115 வாட் கொடுத்து 25-ல் போனவர் வயதாகித் தன் திறனில் 20 சதவீதத்தை இழக்கிறார் என்று வையுங்கள். மிச்சம் 92 வாட். அவர் வேகம் 20-க்கு இறங்கிவிடாது, 22¾-ல் நிற்கும். திறனில் ஐந்தில் ஒரு பங்கு போயும் வேகத்தில் போனது 9 சதவீதம்தான். கடனைக் குறைத்துக்கொண்டவருக்கு வட்டியில் இவ்வளவு தள்ளுபடி தரும் கந்துவட்டிக்காரரை வேறெங்கும் பார்க்க முடியாது.

இவரிடம் ஜாமீனும் செல்லும். கூட்டமாகப் போகிறவர்கள் முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி வருவது அதற்குத்தான். அவர்களுடைய வட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை முன்னால் போகிறவர் கிழித்த காற்றே கட்டிவிடும். அப்படி 30-ல் ஒட்டி வருகிறவர் கொடுப்பது சுமார் 135 வாட். தனியாக 25-ல் போகும் நீங்கள் கொடுப்பது 115. உங்களைச் சரேலென்று கடந்துபோனது 20 வாட் இளமை, மீதி ஜாமீன். ஹேண்டிலின் தாழ்ந்த பிடியைப் பற்றிக் குனிந்திருப்பவரோ, கடன் பத்திரத்திலேயே தொகையைத் திருத்திக்கொண்டவர். 10 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசுகிற நாளில் வட்டிக்காரர் வாசலுக்கே ஆள் அனுப்புவார்: அதே 25-க்கு 190 வாட்.

இது வெறும் தாள் கணக்கா? பிரான்ஸின் ரொபேர் மர்ஷான் 1911-ல் பிறந்தவர். 2012-ல், 100 வயதில், சைக்கிள் பந்தயத் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 2014-ல், 102 வயதில், 26.927 கிலோமீட்டர். இடையில் உடலியல் ஆய்வாளர் வெரோனிக் பில்லா அவருக்குப் பயிற்சி வகுத்தார்: ஆண்டுக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர், ஐந்தில் நான்கு பங்கு இலேசாக, ஒரு பங்கு கடினமாக. சோதனையில் அவருடைய உச்சத் திறன் 90 வாட்டிலிருந்து 125 வாட்டுக்கு உயர்ந்தது. அதாவது 39 சதவீதம். தூரம் எவ்வளவு கூடியது? 11 சதவீதம். 1.39-க்குக் கனமூலம் எடுத்துப் பாருங்கள், 1.12-ஐ ஒட்டி வரும். ஆய்வகத்தில் அளந்த உச்சத் திறனும் ஒரு மணி நேர ஓட்டமும் ஒன்றல்ல. இவ்வளவு பொருத்தத்தில் தற்செயலுக்கும் பங்கிருக்கும். இருந்தாலும் கணக்கு போகும் திசை அதுதான்.

இந்தச் செய்தி வந்தபோது முதுமையை வென்ற மனிதர் என்று உலகமே ஆர்ப்பரித்தது. அவருடைய உச்சத் துடிப்போ முதலில் 134, பிறகு 137. உயர்ந்ததாகச் சொல்ல முடியாது. உயர்ந்தது பெரும்பாலும் அவர் பெடலைச் சுற்றிய வேகம். இதயத்தின் உச்சத் துடிப்பை அவரும் தூக்கவில்லை. மேலும் அவர் ஒரே ஒரு ஆள். ஒரு ஆளை வைத்து ஊருக்கு மருந்து எழுத முடியாது. இதில் வேடிக்கை, 220 சூத்திரப்படி 101 வயதில் அவர் இதயம் 119-ஐத் தாண்டியிருக்கவே கூடாது.

சரி, வேகம் இவ்வளவு குறைவாகத்தான் இறங்குகிறது என்றால், ஏன் இத்தனை பேர் முந்துகிறார்கள்? காற்றின் அதே வட்டிதான் காரணம். திறனில் பெரிய வித்தியாசம் உள்ளவர்களையும் அது வேகத்தில் நெருக்கிக் கொண்டுவந்து விடுகிறது. சாலையில் பெரும்பாலோர் 25-ஐ ஒட்டிப் போகிறார்கள் என்று கொள்வோம். நீங்களும் 25-ல் போனவரை அவர்களில் யாரும் உங்களை முந்தவில்லை. கூடவே ஓடிக்கொண்டிருந்தார்கள், அரைக் கிலோமீட்டர் பின்னால், உங்கள் கண்ணில் படாமல். வேகம் 22¾-க்கு இறங்கியதும், ஒரு மணி நேரத்தில், பின்னால் 2¼ கிலோமீட்டர் நீளத்துக்கு இருந்த அத்தனை பேரும் உங்களைத் தாண்டுவார்கள். வேகம் போனது 9 சதவீதம். முந்துகிறவர்கள் பூச்சியத்திலிருந்து ஒரு கூட்டமாகிவிட்டார்கள். போதாததற்கு, ஓய்வுபெற்றவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். முந்துவதற்கு முன்னால் யாரும் இல்லை, முந்த வருகிறவர்கள் எல்லோரும் பின்னால்.

கடிகாரத்தின் ‘உடல் வயது’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் ஆக்சிஜனை அளப்பதில்லை. துடிப்பையும் வேறு சில தகவல்களையும் வைத்து ஊகிக்கிறது. உச்சத் துடிப்பையே சூத்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டால், அந்தச் சூத்திரத்தின் பிழை அப்படியே உங்கள் வயதாகி மணிக்கட்டில் வந்து உட்காரும்.

அளக்க வேண்டுமானால், காற்று வீசாத நாளில், ஒரே தூரத்தைப் போகவும் வரவும் ஓட்டி நேரம் பாருங்கள். சில மாதம் கழித்து மறுபடி. அதற்குமுன் டயரில் காற்றைச் சரிபாருங்கள்; 115 வாட்டில் 35 அங்கேதான் போகிறது. வயது மெதுவாகத்தான் வேகத்தைத் தின்னும். சில வாரங்களிலேயே வேகம் சட்டென்று சரிந்தால் அதை வயதின் கணக்கில் எழுதாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மனசு கேட்கவில்லை என்றால் ஒரு ஞாயிறு முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்புங்கள். நீங்களும் சிலரை முந்துவீர்கள். அந்த எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம்.