பழங்காசைப் புளியிட்டுத் துலக்கலாமா?

பழைய செப்புக் காசொன்று கைக்கு வந்தால், நம்மிற் பலர் முதலிற் செய்யும் காரியம் அதனைத் துலக்குவதேயாகும். குத்துவிளக்கையும் செம்பையும் மினுக்கும் புளியும் சாம்பலும் காசையும் மினுக்கிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், விளக்குக்கு அழகு தரும் அத்துலக்கம் காசுக்கோ அழிவைத் தருகின்றது. நெடுங்காலமாகச் செம்பின்மேற் படிந்திருக்கும் கபில நிறப் படலமும் கரும்பச்சைப் படலமும் வெறும் அழுக்கல்ல. உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் போர்வை போன்றவை. புளியிலுள்ள அமிலம் அப்போர்வையைக் கரைக்கின்றது. சாம்பல் எழுத்துக்களின் விளிம்பைத் தேய்க்கின்றது. ஈற்றில் எஞ்சுவது மினுங்கும் ஒரு செப்புத் துண்டு. எந்த மன்னன் பெயர் அதிலே பொறிக்கப்பட்டிருந்தது என்பதை அதன்பின் எந்த அறிஞராலும் வாசிக்க முடியாது.

நாணயம் சேர்க்கும் பொழுதுபோக்கு மாணவர்க்கும் பெரியோர்க்கும் ஒருங்கே இன்பந் தருவது. அதற்குப் பெருஞ் செல்வம் வேண்டியதில்லை. ஆனால், பழங்காசைக் கண்டவுடன் "இதற்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று வினவுவதே நம்மவர் வழக்கம். கேட்கவேண்டிய வினா வேறொன்று உண்டு. "இஃது எங்கே கிடைத்தது?" என்பதே அது. விலையை எந்த வியாபாரியிடமும் கேட்டறியலாம். கிடைத்த இடத்தை, அதனைக் கண்டெடுத்தவர் சொன்னாலன்றி ஒருவராலும் அறிய இயலாது. இவ்வினாவின் பெருமையை விளக்க நம் நாட்டுக் காசொன்றின் வரலாறே போதுமானது.

சேதுக் காசின் வழக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் ஒருவகைச் செப்புக் காசு கிடைப்பதுண்டு. அதன் ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம் இருக்கும். மறுபக்கத்தில் படுத்திருக்கும் இடபமும், அதற்கு மேலே பிறையும், கீழே 'சேது' என்னுந் தமிழ்ச் சொல்லும் காணப்படும். சேது என்ற சொல்லைக் கண்டவுடன் இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் நினைவு வருவது இயல்பே. ஆகவே, அக்காசுகள் சேதுபதிகள் வெளியிட்டவை என்று ஒரு சாரார் கருதினர். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளே அவற்றை வெளியிட்டனர் என்று மறுசாரார் வாதித்தனர். சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்களைப் பற்றி 1920 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1924 ஆம் ஆண்டில் எச். டபிள்யூ. கொட்றிங்டன் இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதிய பெருநூல் இன்றளவும் இத்துறையிற் புகுவோர்க்குக் கைவிளக்காக உள்ளது.

இவ்வழக்கிலே சான்றாக வந்தவை எவை? யாழ்ப்பாண மன்னர் தம்மைச் சேதுவின் காவலராகச் சொல்லிக்கொண்டமை ஒன்று. கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமையிற் கிடைத்த ஆரியச்சக்கரவர்த்தியின் தமிழ்க் கல்வெட்டுச் 'சேது' என்னும் சொல்லோடு தொடங்குவது மற்றொன்று. இவற்றோடு ஒத்த வலியுடைய மூன்றாவது சான்று, காசுகள் கிடைத்த இடமாகும். யாழ்ப்பாணத்து மண்ணிலும் பூநகரி, மன்னார்ப் பகுதிகளிலும் அவை கிடைத்தமை ஆய்வாளர்க்குப் பெருந்துணை புரிந்தது. கண்டெடுத்தவர்கள் இடத்தைக் குறிக்காது காசை மட்டும் விற்றிருப்பின், அரசொன்று தன் பெயரால் வெளியிட்ட நாணயத்துக்கே உரிமை கோர முடியாத நிலை நமக்கு ஏற்பட்டிருக்கும்.

உரோமாபுரிக் காசும் ஓர் அரசியின் பெயரும்

மாதோட்டத்துத் துறைமுகம் இருந்த மாந்தையிலும் இலங்கையின் வேறு பல இடங்களிலும், நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமாபுரியின் சிறு செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. அத்தகைய காசு ஐரோப்பாவில் மலிவானது. அங்கே அது பத்தோடு பதினொன்று. அதே காசு மாந்தை மண்ணிற் கிடைக்கும்போது, நம் நாடு கடல் கடந்து நடத்திய வாணிகத்துக்குச் சாட்சியாகின்றது. உலோகம் ஒன்றே, உருவம் ஒன்றே, இடம் ஒன்றுதான் அதற்கு இப்பெருமையை அளிக்கின்றது.

பொலன்னறுவைக் காலத்துச் செப்புக் காசுகளில் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்ற பெயர் நாகரி எழுத்திற் பொறிக்கப்பட்ட காசு ஒன்றுண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மூன்று முறை அரியணை ஏறிய அரசி அவர். சிறிய காசின் சிறிய எழுத்து அது. புளியிட்டு இருமுறை தேய்த்தால் அரசியும் மறைவார். அவரது ஆட்சிக்கு அக்காசு பகரும் சாட்சியமும் மறையும்.

அன்றாடப் பேச்சிலும் பழைய நாணயங்கள் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. பெண்ணுக்கு எத்தனை பவுண் நகை என்று இன்றும் பேசிக்கொள்கிறோம் அல்லவா? அப்பவுண், ஆங்கிலேயரின் தங்க நாணயமாகிய பவுணின் நிறையே. ஏறக்குறைய 8 கிராம் கொண்ட அந்நாணயம் புழக்கத்திலிருந்து மறைந்தது. அதன் நிறை மட்டும் தட்டானின் தராசில் நிலைத்துவிட்டது. ஒல்லாந்தர் அடித்த செப்புக் காசுகளில் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை என்னும் இடங்களைக் குறிக்கத் தனித்தனி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டன. அவர்க்குப்பின் வந்த ஆங்கிலேயர் 1801 ஆம் ஆண்டு முதல் யானை உருவம் பொறித்த தடித்த செப்புக் காசுகளை வெளியிட்டனர். நம் முன்னோர் இறைசால் என வழங்கிய றிக்ஸ்டொலரின் பின்னங்கள் அவை. ரூபாவும் சதமும் கொண்ட இன்றைய முறை 1872 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

தாளில் எழுதிய வாக்கு

தாள் நாணயத்தின் கதை இதனின் வேறானது. உலோகக் காசுக்கு அதன் செம்போ வெள்ளியோ ஓரளவு பெறுமதி தருகின்றது. தாளுக்கோ அதனை வெளியிட்டவரின் வாக்கைத் தவிர வேறு பெறுமதி இல்லை. இதனை இலங்கை மக்கள் 1884 ஆம் ஆண்டு மே மாதத்தில் நன்குணர்ந்தனர். அந்நாளிற் புழங்கிய தாள்களை வெளியிட்டவை தனியார் வங்கிகள். கோப்பிப் பயிர் நோயினால் அழிந்த காலத்தில், அவற்றுள் முதன்மையான ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் தாள்களை வைத்திருந்தோர் கலங்கினர். அப்போது தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் கோர்டன், அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்துக் கலக்கத்தைத் தணித்தார். அதன் பின்னரே அரசாங்கம் தானே தாள்களை வெளியிடத் தொடங்கிற்று. 1950 ஆம் ஆண்டில் மத்திய வங்கி தோன்றியதும் அப்பொறுப்பு அதனைச் சார்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது உலோகத் தட்டுப்பாட்டினால் சில்லறைக் காசு அருகியது. 1942 ஆம் ஆண்டில் சதங்களுக்கும் தாள் அடித்தார்கள். அவற்றுள் 5 சதத் தாள் விநோதமானது. தபால் முத்திரைத் தாளைப்போல் நடுவே துளை வரிசை இட்டு, வேண்டும்போது 2 சதமாகவும் 3 சதமாகவும் கிழித்துக்கொள்ள வகை செய்திருந்தார்கள். கிழிபடுவதற்கென்றே பிறந்த அத்தாள் கிழியாமற் கிடைத்தால் சேகரிப்போர் மகிழ்வதில் வியப்பில்லை.

1970 ஆம் ஆண்டு ஒக்டோபரில், நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா, புழக்கத்திலிருந்த 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் செல்லாவென அறிவித்தார். அவற்றை ஒப்படைக்கக் குறுகிய அவகாசமே தரப்பட்டது. அக்காலத் தாளொன்று பழைய புத்தகத்தின் இடையே இன்று அகப்படுமாயின், அதனாற் கடையிலே ஒன்றும் வாங்க இயலாது. எனினும், ஒரு வீட்டார் எதற்காகவோ ஒளித்து வைத்து, மாற்றத் தவறிய பணம் அது என்பதை நினைத்தால், அத்தாளே ஒரு குடும்ப வரலாறு ஆகின்றது.

தொடங்குவது எப்படி?

மாணவர்கள் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். அலுமாரியின் மூலையிலும், அம்மம்மாவின் கொட்டைப்பெட்டியிலும் ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ் மன்னர்களின் சதக் காசுகள் இருத்தல் கூடும். எலிசபெத் அரசியின் உருவம் பொறித்த இலங்கைக் காசு வேண்டுமானால், 1955, 1957 ஆம் ஆண்டுகளின் வளைவு விளிம்புடைய 2 சதக் காசைத் தேடவேண்டும். 1957 ஆம் ஆண்டில் புத்த ஜயந்தியை முன்னிட்டு வெளிவந்த 1 ரூபா, 5 ரூபா நாணயங்களே இந்நாட்டின் முதல் நினைவு நாணயங்கள். அண்மைக் காலத்தில், 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியாக 10 ரூபா நாணயங்கள் வெளிவந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பது சிறுவர்க்கு ஏற்ற நல்ல முயற்சி.

பேணும் முறையும் கடினமன்று. காசின் முகத்தைத் தொடாது விளிம்பைப் பிடித்தல் வேண்டும். விரலின் வியர்வையும் உலோகத்தை அரிக்கும். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்தல் நன்று. பீ.வீ.சீ. எனப்படும் மென்பிளாஸ்டிக் உறைகள் நாளடைவிற் பசையைக் கக்கிக் காசைக் கெடுக்குமாதலால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். இளம்பச்சைப் பொடி உதிரும் காசு நோய்ப்பட்ட காசு. அதனை மற்றவற்றிலிருந்து பிரித்து, அறிந்தவரிடம் காட்டவேண்டும். தாள்களை மடியாது, பசை நாடா ஒட்டாது, வெயில் படாது வைத்தல் அவசியம். இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் எட்டாத பெட்டி தேவை. வாங்கும்போது போலிகளைக் குறித்தும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அச்சிலே அடிக்காது அச்சுக்குழியில் வார்த்த போலிகளின் விளிம்பிற் பொருத்துக் கோடும், முகத்தில் நுண்ணிய குழிகளும் காணப்படுவதுண்டு.

மண்ணிலிருந்து பழங்காசு வெளிப்பட்டால் அதன் நிலை வேறு. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, நிலத்திற் புதைந்து கிடக்கும் தொல்பொருள்கள் அரசுடைமையாகும். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ அவை தென்பட்டால், தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதே கடமை. அனுமதியின்றிப் பழைய இடங்களைத் தோண்டுவது குற்றம். காசோடு கூடக் கிடந்த ஓட்டுத் துண்டும், அது கிடந்த மண் படையும், ஆழமும் காலத்தைக் கணிக்க உதவுவன. களவாகத் தோண்டுவோன் எடுத்துச் செல்வது காசு. அவன் அழித்துவிட்டுச் செல்வது அவ்விடத்தின் வரலாறு. பழங்காசுகளைக் கண்ணாரக் காண விரும்புவோர் கொழும்பு நூதனசாலைக்கும், கோட்டையில் மத்திய வங்கி அமைத்துள்ள பொருளாதார வரலாற்று நூதனசாலைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

இத்தனைக்கும் மேலாக, சேகரிப்போர் கைக்கொள்ள வேண்டிய வழக்கம் ஒன்றுண்டு. ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு காசுக்கும் ஓர் இலக்கமிட்டு, அதனைத் தந்தவர் யார், அவருக்கு அஃது எவ்வாறு வந்தது, எந்த ஊரிற் கிடைத்தது, எந்த நாளிற் பெற்றோம் என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். வீட்டிலே முதியோர் இருக்கும்போதே அவர்களைக் கேட்டறிதல் நன்று. பாட்டனார் மலாயாவில் வேலை பார்த்த நாளிற் கொண்டுவந்த தாளா, போர்க்காலத்துப் பங்கீட்டு நாளில் மிஞ்சிய சில்லறையா, கலியாணத்தின்போது தாலிக்கென உருக்காமல் எஞ்சிய பவுணா என்பதை அவர்களே சொல்ல வல்லார். காசு இன்னும் நூறாண்டு கெடாதிருக்கும். அதனைப் பற்றிச் சொல்ல வல்லவர் அவ்வளவு காலம் இருக்கமாட்டார். ஆகவே, புளியைச் சமையலறையில் விட்டுவிட்டு, பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்றே அவர்களருகில் அமர்வீர்களாக.