11,000 டாலர் சிப் லேப்டாப்பிடம் தோற்கும் இடம்

ஏஎம்டி நிறுவனம் 2022 நவம்பரில் எபிக் 9654 என்ற சர்வர் புராசஸரை வெளியிட்டது. 96 கோர். மொத்தமாக வாங்குவோருக்கு அறிவித்த விலையே ஒன்றுக்கு 11,805 டாலர். மறு வருடம் அதே நிறுவனம் மெல்லிய லேப்டாப்களுக்கென்று ரைசன் 7 7840யு என்ற சிப்பைக் கொண்டுவந்தது. எட்டே கோர். அந்தச் சிப்போடு திரை, பேட்டரி, கீபோர்டு எல்லாம் சேர்ந்த முழு லேப்டாப்புகளே சுமார் பத்து வாங்கிவிடலாம், ஒரு எபிக் விலையில்.

இரண்டிலும் ஒரு கனமான இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எது முந்தும்? லேப்டாப்தான். சந்தேகமே வேண்டாம்.

இரண்டிலும் இருப்பது ஒரே கோர் என்பதுதான் இதில் ருசிகரம். ஏஎம்டி அதற்கு வைத்த பெயர் ஜென் 4. கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும் முறை, கோருக்கு 1 எம்பி எல்2 கேஷ் (அடிக்கடி வேண்டிய தரவைக் கோருக்கு அருகிலேயே வைத்திருக்கும் சிறு நினைவகம்) எல்லாம் இரண்டிலும் ஒன்றே. வித்தியாசம் ஓட்டத்தில். லேப்டாப் சிப்பில் ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது 5.1 ஜிகாஹெர்ட்ஸ் வரை எகிறும். சர்வர் சிப்பில் உச்சமே 3.7. இணையப் பக்கம் திறப்பது, வேர்டில் தட்டச்சு செய்வது போன்ற வேலைகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு கோர்களின் தலையில்தான் விழுகிறது. மிச்சமுள்ள தொண்ணூற்றுச் சொச்சம் கோர்களும் வேடிக்கை பார்க்கும். ஒரு டம்ளர் காபிக்காகக் கல்யாண மண்டபத்துக் கோட்டை அடுப்பைப் பற்றவைத்த கதைதான்.

சர்வர் என்றால் மின்சாரத்தை விழுங்கும், லேப்டாப் என்றால் சிக்கனம் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எபிக் 9654-க்கு நிர்ணயித்த மின் அளவு 360 வாட். 96 கோருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 3.75 வாட். ரைசனுக்கு வழக்கமான அளவு 28 வாட். எட்டால் வகுத்தால் 3.5. கிட்டத்தட்ட ஒரே ரேஷன்! சர்வருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரும் லேப்டாப் கோரைப் போலவே எண்ணி எண்ணித்தான் செலவழிக்கிறது. ஒரு கோருக்கு மட்டும் வேலை வரும்போது லேப்டாப் சிப் அந்தக் கோருக்கே வாரிக் கொடுத்து வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. சர்வர் சிப்பை வடிவமைத்தவர்கள் அந்த உச்சத்தைத் துரத்தவில்லை. அவர்களுக்கு வேண்டியது, 96 பேரும் சேர்ந்து நாள் முழுக்க ஓடினாலும் மூச்சு வாங்காத ஒரு நிதானம். மெல்லிய லேப்டாப்பிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எட்டுக் கோருக்கும் முழு வேலை கொடுத்தால், சின்ன ஃபேன் அலறும், சூடு ஏறும், வேகம் இறங்கும்.

அப்படியானால் அந்த 11,805 டாலருக்கு என்னதான் கிடைக்கிறது? கோரைச் சுற்றி இருக்கும் கட்டமைப்பு. நினைவகத்துக்கு 12 பாதைகள். ஒரு சாக்கெட்டில் 6 டெராபைட் வரை ரேம். சேமிப்பகம், நெட்வொர்க் கார்டு, ஜிபியு இவற்றையெல்லாம் இணைக்க 128 பிசிஐஇ லேன்கள். லேப்டாப் சிப்பில் இந்த லேன்கள் 20. ரேமில் ஒரு பிட் தன்னிச்சையாகப் புரண்டுவிட்டால் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி வசதியும் சர்வரில் கட்டாயம். உங்கள் புகைப்படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்கும் தெரியாது. வங்கிக் கணக்கில் ஒரு இலக்கம் மாறினால்?

காலை 10 மணிக்கு ரயிலில் ஏசி வகுப்பு தட்கல் முன்பதிவு திறக்கும் நொடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் லட்சக்கணக்கானோர் கேட்கிறார்கள். ஒவ்வொருவர் கேட்பதும் சின்ன வேலை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சின்ன வேலைகள் மலையாகக் குவியும் இடத்தில்தான் 96 கோருக்கு மரியாதை.

இதிலும் ஒரு நெருக்கடி உண்டு. எபிக்கின் நினைவகம் நொடிக்குச் சுமார் 460 ஜிபி தரவு தரும். வேகமான ரேம் பொருத்திய ரைசன் லேப்டாப் தருவது 120. ஆனால் தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால், சர்வர் கோரின் பங்கு லேப்டாப் கோருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவேதான் சர்வரில் 384 எம்பி எல்3 கேஷைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், கோருக்கு 4 எம்பி வீதம். லேப்டாப்பில் அதில் பாதி.

லேப்டாப் சிப் உண்மையிலேயே ஜெயிப்பது சும்மா இருக்கும் கலையில்! நீங்கள் திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போது அது ஏறக்குறைய முழுதாகத் தூங்கிவிடுகிறது. ஒற்றைச் சிலிக்கான் சில்லில் எல்லாம் அடங்கியிருப்பது அதற்கு வசதி. எபிக் அப்படியல்ல. கோர்கள் 12 சில்லுகளில் பிரிந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் 13-வது சில்லு அவற்றை நினைவகத்தோடும் வெளியுலகத்தோடும் இணைக்கிறது. அந்த இணைப்புகள் விழித்தே இருக்க வேண்டும். வேலையே இல்லாவிட்டாலும் பல பத்து வாட் போய்க்கொண்டே இருக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் வேலை குவியும் டேட்டா சென்டரில் இது பெரிய குறையல்ல. வீட்டு மேஜையில் குறைதான்.

இரண்டு உலகங்களுக்கும் இந்த உறவு புதிதல்ல. 2003-ல் இன்டெல்லின் பெருமையெல்லாம் பென்டியம் 4 பேரில் இருந்தது. ஜிகாஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போனால் போதும் என்ற நம்பிக்கை. அதே வருடம் மார்ச்சில், இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு லேப்டாப்புக்காக உருவாக்கிய பென்டியம் எம் வெளிவந்தது. கடிகார வேகம் குறைவு, ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை. பென்டியம் 4 வழி சூட்டில் முட்டி நின்றது. அதன் வாரிசாக வர இருந்த தேஜாஸை 2004-ல் இன்டெல் கைவிட்டது. பென்டியம் எம் காட்டிய வழியில் உருவான கோர் வடிவமைப்பு, 2006 ஜூனில் முதலில் இறங்கியது லேப்டாப்பில் அல்ல, ஸியான் 5100 என்ற சர்வர் வரிசையில். முந்தைய ஸியான் 5080 சிப் 3.73 ஜிகாஹெர்ட்ஸில் ஓடி 130 வாட் கேட்டது. புதிய 5160, 3 ஜிகாஹெர்ட்ஸில் 80 வாட்டோடு அதைத் தாண்டிப் போனது. பேட்டரிக்காகப் பழகிய சிக்கனம் டேட்டா சென்டரைப் பிடித்த வருடம் அது.

இப்போது போக்குவரத்து இரு பக்கமும் நடக்கிறது. 2024 ஜூனில் வந்த ஸியான் 6 வரிசையின் 6780இ சிப்பில் 144 கோர்கள். எல்லாமே லேப்டாப்களில் மின்சாரம் மிச்சம் பிடிக்க வைக்கும் இ-கோர் குடும்பத்தைச் சேர்ந்தவை. மறுபக்கம், 128 கோர் எபிக்குக்காக ஏஎம்டி சுருக்கிச் செய்த ஜென் 4சி கோர், 2023-லேயே மலிவு விலை லேப்டாப் சிப்களுக்குள் நுழைந்துவிட்டது.

இதையெல்லாம் இவ்வளவு தூரம் சொல்ல ஒரு காரணம் உண்டு. டேட்டா சென்டர்கள் கழித்துப் போட்ட பழைய ஸியான்கள் இப்போது சல்லிசாகக் கிடைக்கின்றன. 2016-ல் வந்த இ5-2680 வி4 என்ற சிப்புக்கு இணையத்தில் ரசிகர் மன்றமே இருக்கிறது. 14 கோர், இந்த விலையா என்று மயங்குகிறார்கள். உச்ச வேகம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ், அதுவும் பழைய தலைமுறைக் கோர். திரையில் படம் காட்டக்கூட தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் அதற்கு இடமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டு, ஒரே நேரத்தில் பத்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டிப் படிக்கிற மாணவருக்கு அது நல்ல சரக்கு. பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கும் கடைக் கணக்குக்கும் வாங்குகிறவருக்கு வீண் செலவு. சாதாரண லேப்டாப்பே போதும்.

எந்தப் பக்கம் போவது என்று குழம்பினால், இப்போது கையில் இருக்கும் கணினியிலேயே விடை இருக்கிறது. வழக்கமான வேலையைச் செய்துகொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு வரைபடத்தை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். எல்லாக் கட்டங்களும் நிமிடக்கணக்கில் உச்சியில் நின்றால் அதிக கோர்களுக்குக் காசு கொடுக்கலாம். ஒன்றிரண்டு மட்டும் துள்ளி அடங்கினால், விளம்பரத்தில் இருக்கும் கோர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒற்றைக் கோர் வேகத்தைக் கேட்டு வாங்குங்கள்.