கொம்புத் திருக்கை: ஒரு பெயருக்குள் இரண்டு மீன்கள்

சிராங்கூன் சாலையிலுள்ள தேக்கா சந்தையில் தமிழர் 'திருக்கை' என்பதை மலாய்க்காரர் 'பாரி' என்பர். இரண்டுமே தனியொரு மீனின் பெயரல்ல. ஒரு பெருந்தொகுதியின் பெயர்கள். தமிழகக் கடற்கரையில் வழங்கும் 'கொம்புத் திருக்கை' என்ற பெயர் சற்றே நுட்பமானது. எனினும் அதனுள்ளும் பல இனங்கள் அடங்குகின்றன. அவற்றுள் மொபுலா கூலீ, மொபுலா எரெகூடூ என்னும் இரு சிற்றினங்களை மட்டும் இங்கு நோக்குவோம்.

பின்னதன் பெயர் மொழியாய்வாளர் கவனத்திற்குரியது. விசாகப்பட்டினத்தில் மீன்களைத் திரட்டிய பாட்ரிக் ரஸ்ஸல், 1803இல் வெளியிட்ட நூலில் அவ்வூர்த் தெலுங்குப் பெயரைத் தம் காதில் விழுந்தவாறே 'எரெகூடூ தெங்கி' என்று பதிவு செய்தார். மலாய் நாட்டு மீன்களைப் பற்றி எழுதிய தியோடர் கேன்டர் 1849இல் அதனை அறிவியற் பெயராக்கினார். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இவ்வினத்தைக் கூலீயுடன் இணைத்துவிட்டது. 2019இல் வந்த மற்றோர் ஆய்வு மீண்டும் பிரித்தது. மீனவர் வாய்ச்சொல் ஒன்று இவ்வாறு பிழைத்தது.

இரண்டும் ஏறத்தாழ 1.3 மீட்டர் அகலமே வளர்வன. வாலில் முள் இல்லை. கூலீயின் தலையும் கொம்புகளும் குட்டையானவை. முதுகுத் துடுப்பின் நுனி பெரும்பாலும் வெண்மையாயிருக்கும். எரெகூடூவின் கொம்புகள் நீண்டவை; முதுகுத் துடுப்பில் வெண்ணுனி இல்லை; வயிற்றுப்புறத்தில், இறக்கை போன்ற துடுப்பின் முன்விளிம்பு நடுவே கருந்திட்டு உண்டு. ஆகவே மீனைப் புரட்டிப் பார்ப்பதே நல்லது. ஆனைத்திருக்கை எனப்படும் பெரிய இனங்களுக்கு வாய் தலையின் முன்முனையில் அமையும். இவற்றுக்கோ சற்றுக் கீழே அமைந்துள்ளது.

'கொம்பு' என்பது தோற்றத்தால் வந்த பெயரே. உண்மையில் அது நீரை வாய்க்குள் செலுத்தும் துடுப்பு மடல். உட்புகும் நீரிலுள்ள நுண்ணுயிர்களைச் செவுள் தட்டுகள் வடிகட்டுகின்றன. பெண் மீன் ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். கருப்பைச் சுவர் சுரக்கும் பாலொத்த நீரே கருவின் உணவு.

இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களுக்கு ஏற்படும் இழப்பு விரைவில் ஈடாகலாம், இவற்றுக்கு அவ்வாறன்று. உலர்ந்த செவுள் தட்டுகளுக்குச் சீன மருத்துவச் சந்தையில் விலையுண்டு. மொபுலா இனங்கள் அனைத்தையும் 2016இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்ததற்கு இவ்வணிகமும் ஒரு காரணம். ஆனால், தலை நீக்கித் துண்டமாக்கிய பின் கொம்பின் நீளத்தை அளக்க இயலாது. வயிற்றுத் திட்டும் தெரியாது. அந்நிலையில் இறங்குதுறைப் பதிவேட்டில் வெறுமனே 'கொம்புத் திருக்கை' என்றுதான் எழுத முடியும். இரண்டில் எது குறைந்து வருகிறது என்பதை அப்பதிவேடு சொல்லாது.