மெதுவாகப் போனால் விழமாட்டோமா?



நம் பிள்ளைகள் பலர் இன்று பால்வாளி தூக்குவதில்லை. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலம் ஏறி, உட்லண்ட்ஸில் வரிசை பிடித்து, சிங்கப்பூரில் உழைத்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். "வேகமா போகமாட்டேம்மா, பயப்படாதே" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். நல்லது. ஆனால் மெதுவாகப் போகிறவனும் விழுவான்.

ஓடுகிற வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும். ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குணம் போய்விடும். பிறகு சாயாமல் பார்ப்பது ஓட்டுகிறவன் பொறுப்பு. பாலத்து நெரிசலிலும், ஞாயிறு மாலை தேக்கா பக்கத்துச் சந்துகளிலும் இதுதான் நிலைமை. குறுக்கே ஆள் வந்ததும் பதறி முன்பிரேக்கை இறுக்குகிறோம். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அப்படிச் செய்தால் வண்டி சட்டென்று சாய்ந்துவிடும்.

சிங்கப்பூரில் 200 சிசி வரைக்குமான 2பி லைசென்சுக்கே ஒடுக்கமான பலகைமேல் ஓட்ட வேண்டும், எட்டுப் போட வேண்டும். நம் நாட்டுச் சோதனையிலும் பலகை உண்டு. சோதனையில் தேறியதோடு அதை மறந்துவிடுகிறோம். அதுதான் தப்பு.

என்ன செய்யலாம்? முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்து, பின்பிரேக்கை லேசாக மிதித்து ஓட்டுங்கள். கிளட்ச் உள்ள வண்டியானால் அதைப் பாதி பிடியுங்கள். முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். நிறுத்துவதற்கு முன் ஹேண்டிலை நேராக்குங்கள். மழையில் ரோட்டு வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் வழுக்கும். பின்னால் சாமானை உயரமாகக் கட்டினால் வண்டி தள்ளாடும். வாரத்தில் ஒருநாள் டயர் காற்றைப் பாருங்கள். தலைக்கவசம் நம் நாட்டில் 1973 முதல் சட்டம். தாடை வாரை மாட்டாவிட்டால் அது வெறும் தொப்பிதான்.

இதில் சோற்றுப் பிரச்சினையும் இருக்கிறது. மலேசியாவில் வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டால் சொக்சோவில் கேட்கலாம். சிங்கப்பூரின் 2019 வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில், சொந்த வண்டியில் வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்குப் பொதுவாக இடமில்லை. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியென்றால் கேட்க வழியுண்டு. கால் உடைந்து மூன்று மாதம் படுத்தால் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? ஆகவே வேலைக்குச் சேரும்போதே, சொந்த விபத்துக் காப்புறுதி உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் நாமே எடுத்து வைப்போம்.

தோட்டத்துத் திடல் சும்மாதானே கிடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்ணாம்புக் கோடு இரண்டு போட்டு, யார் கால் ஊன்றாமல் மெதுவாகக் கடக்கிறார்கள் என்று பந்தயம் வையுங்கள். கடைசியாக வந்து சேர்பவனுக்கே பரிசு!